பில்ட் வெற்றி, பக்கம் 404: ஒரு வார் கோப்பு டாம்கேட் 10.1-க்குப் போன வழி

எடுத்துக்கொண்ட செயலியில் புதுமை ஒன்றும் இல்லை. ஜாவா 8-இல் எழுதி, மேவன் என்ற கட்டுமானக் கருவியால் ஒற்றை வார் கோப்பாக (வலைச் செயலி முழுவதையும் அடக்கிய ஜிப் பொதி) கட்டி, டாம்கேட் 9 என்ற வலைச் சர்வரில் ஓடும் அலுவலகச் செயலி. உலாவியின் கோரிக்கைகளுக்குப் பதில் தரும் ஜாவா வகுப்புகளான சர்வ்லெட்களில் பாதி ஆனொடேஷன் (நிரலிலேயே எழுதும் குறி) வழியாகவும் பாதி வெப்.எக்ஸ்எம்எல் என்ற அமைப்புக் கோப்பு வழியாகவும் பதிவானவை. ஜாவா கலந்த எச்டிஎம்எல்லான ஜேஎஸ்பி பக்கங்கள், அவற்றில் பயன்படும் ஜேஎஸ்டிஎல் டேக்குகள், கோப்பு ஏற்றுவதற்குக் காமன்ஸ் ஃபைல்அப்லோட் நூலகம், தரவுத்தளத்துக்கு ஜேஎன்டிஐ (சர்வரின் வளங்களைப் பெயரால் தேடும் வசதி) வழியாக ஒரு கனெக்‌ஷன் பூல். இதை ஜேடிகே (ஜாவா நிரலாக்கத் தொகுப்பு) 17, டாம்கேட் 10.1 இரண்டுக்கும் மாற்ற வேண்டும். இந்த அமைப்புள்ள செயலி எதை நகர்த்தினாலும் ஏறக்குறைய இதே வரிசையில்தான் இடறும். அதனால் இடறும் வரிசையிலேயே பார்க்கலாம்.

முதல் தடை: பில்டே நிற்கிறது

ஜேடிகே 17-ஐப் போட்டு மேவனை ஓட்டியதும், வார் கோப்பைக் கட்டும் மேவன் துணைநிரலான வார் ப்ளகின் விழுகிறது. பிழைச் செய்தி ட்ரீமேப் வகுப்பின் கம்பாரேட்டர் என்ற உள்ளுறுப்பைத் தொட முடியவில்லை என்கிறது. செயலியின் நிரலில் ட்ரீமேப் எங்கே இருக்கிறது என்று தேடுவது வீண். குற்றவாளி ப்ளகின்தான்.

மேவனின் அமைப்புக் கோப்பான பாம்.எக்ஸ்எம்எல்லில் வார் ப்ளகினுக்குப் பதிப்பு எண் எழுதாமல் விட்டால், மேவன் தன்னுள் வைத்திருக்கும் இயல்பு எண்ணை எடுத்துக்கொள்ளும். மேவன் 3.8 வரை அது 2.2. அந்தப் பழைய ப்ளகின், வெப்ஆப் அடைவின் நிலையைக் குறித்துவைக்க எக்ஸ்ஸ்ட்ரீம் நூலகத்தைப் பயன்படுத்துகிறது. எக்ஸ்ஸ்ட்ரீம் ரிஃப்ளெக்‌ஷன் (ஓடும்போதே வகுப்புகளின் உள்ளமைப்பைத் தொடும் வசதி) வழியாக ஜாவாவின் உள்வகுப்புகளுக்குள் கைவிடும் பழக்கம் கொண்டது. ஜேடிகே 16 முதல் அந்தக் கதவு இயல்பாகவே அடைபட்டிருக்கிறது.

தீர்வு ஒரே வரி: ப்ளகின் பதிப்பை 3.3.2 அல்லது அதற்கு மேல் என்று வெளிப்படையாக எழுதுவது. மேவன் ஆப்ட்ஸ் சூழல் மாறியில் ஆட்-ஓபன்ஸ் கொடுத்து கதவைத் திறந்துவிடும் வைத்தியம் இணையத்தில் நிறையக் கிடைக்கும். வேலை செய்யும், ஆனால் அடுத்த கணினியில் அந்தச் சூழல் மாறி இருக்காது. கம்பைலர், சோதனைகளை ஓட்டும் ஷ்யூர்ஃபயர் உட்பட எல்லா ப்ளகின்களுக்கும் எண் எழுதிவிடுவதே ஒழுங்கு.

இந்த இடத்திலேயே கம்பைலர் அமைப்பையும் சரிசெய்ய வேண்டும். சோர்ஸ், டார்கெட் என்ற இரண்டு அமைப்புகளை எடுத்துவிட்டு ரிலீஸ் என்ற ஒன்றை மட்டும் 17 என வைக்க வேண்டும். டார்கெட் வெறும் வகுப்புக் கோப்பின் எண்ணைத்தான் குறைக்கும். புதிய ஜேடிகேயில் மட்டும் உள்ள மெதட்களை அழைத்தாலும் தடுக்காது. ரிலீஸ் தடுக்கும். பில்ட் கணினியில் ஜேடிகே 21, சர்வரில் 17 என்று இருந்து இந்த எண்ணை 21 என வைத்துவிட்டால், வகுப்புக் கோப்பு எண் 65, இந்த ஜாவா 61 வரைதான் அறியும் என்ற செய்தியோடு சர்வர் மறுக்கும். எண்கள் நினைவில் இருப்பது நல்லது: ஜாவா 8-க்கு 52, 11-க்கு 55, 17-க்கு 61, 21-க்கு 65.

இரண்டாம் தடை: எல்லாம் சரி, பக்கம்தான் இல்லை

பில்ட் வெற்றி என்கிறது. டாம்கேட் லாகில் டெப்ளாய் முடிந்தது என்ற வரியும் வருகிறது. உலாவியில் திறந்தால் 404, அதாவது பக்கம் இல்லை. லாகில் ஒரு பிழைகூட இல்லை. இந்த ஆய்வின் மையம் இதுதான், ஏனென்றால் அதிக நேரத்தை விழுங்குவது இந்த மௌனம்.

காரணத்துக்குச் சற்றுப் பின்னால் போக வேண்டும். ஆரக்கிள் 2017-இல், சர்வ்லெட் உட்பட நிறுவனச் செயலிகளுக்கான தரங்களின் தொகுப்பான ஜாவா இஇ-யை எக்லிப்ஸ் ஃபவுண்டேஷனிடம் ஒப்படைக்க முடிவெடுத்தது. ஜாவாக்ஸ் என்ற பெயர்வெளியை (வகுப்புப் பெயர்களின் முன்னொட்டு) இனி மாற்றி வளர்க்க உரிமை இல்லை என்பது 2019-இல் தெளிவானது. 2020 டிசம்பரில் வந்த ஜகார்த்தா இஇ 9-இல் (ஜாவா இஇ-யின் புதிய பெயர்) ஜாவாக்ஸ்.சர்வ்லெட் என்பது ஜகார்த்தா.சர்வ்லெட் ஆனது. டாம்கேட் 9 பழைய பெயரை மட்டும் அறியும்; 10 புதிய பெயரை மட்டும் அறியும். இரண்டையும் ஒருசேர அறிந்த டாம்கேட் கிடையாது.

ஆனொடேஷன் வழியாகப் பதிவாகும் சர்வ்லெட்டை டாம்கேட் எப்படிக் கண்டுபிடிக்கிறது? வகுப்பை ஏற்றிப் பார்ப்பதில்லை. வகுப்புக் கோப்பின் பைட்டுகளை மேலோட்டமாகப் படித்து, ஜகார்த்தாவின் வெப்சர்வ்லெட் என்ற குறி இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. ஜாவாக்ஸ் குறி அதற்கு ஏதோ ஒரு அந்நிய ஆனொடேஷன். கடந்து போய்விடும். எதையும் ஏற்றவில்லை, அதனால் எதுவும் கிடைக்காமல் போகவும் இல்லை. பிழை எங்கிருந்து வரும்?

ஸ்பிரிங் என்ற ஜாவா செயலிச் சட்டகத்தின் 5-ஆம் பதிப்பை வெப்.எக்ஸ்எம்எல் இல்லாமல் பயன்படுத்தும் செயலிகளுக்கும் இதே கதி. ஸ்பிரிங் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது, தன் நூலகக் கோப்பான ஜாரின் மெட்டா-இன்ஃப்/சர்வீசஸ் அடைவில் உள்ள, ஜாவாக்ஸ் பெயர் தாங்கிய ஒரு கோப்பின் மூலம். டாம்கேட் 10 ஜகார்த்தா பெயர் தாங்கிய கோப்பையே தேடும். 2022 நவம்பரில் வந்த ஸ்பிரிங் 6, ஸ்பிரிங் பூட் 3 ஆகியவைதான் டாம்கேட் 10.1-க்குப் பொருந்தும், இரண்டுக்கும் ஜாவா 17 குறைந்தபட்சம்.

வெப்.எக்ஸ்எம்எல்லில் எழுதப்பட்ட சர்வ்லெட்கள் இவ்வளவு அமைதியாக இருக்காது. அந்த முகவரியை முதலில் தொடும்போது 500 (சர்வர் உட்பிழை) வரும். ஜாவாக்ஸ்/சர்வ்லெட்/எச்டிடிபி/எச்டிடிபிசர்வ்லெட் வகுப்பு இல்லை என்று பெயர் சொல்லியே புலம்பும். செயலி தொடங்கும்போதே ஓடும் லிஸனர் பழைய பெயரில் இருந்தால் செயலி முழுதுமே எழும்பாது. அப்போது டாம்கேட்டின் முதன்மை லாகான கேட்டலினா லாகில் கிடைப்பது, ஒன்றோ அதற்கு மேலோ லிஸனர்கள் தொடங்கவில்லை என்ற ஒற்றை வரி மட்டும். முழு விவரம் லோக்கல்ஹோஸ்ட் என்று தொடங்கும், தேதி இட்ட வேறொரு லாக் கோப்பில் இருக்கும். கேட்டலினா.அவுட் கோப்பையே வெறித்துக்கொண்டிருப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

அபத்தமான இன்னொரு செய்தியும் உண்டு: "இந்த வகுப்பு சர்வ்லெட் அல்ல." பழைய சர்வ்லெட் ஏபிஐ ஜார் வார் கோப்புக்குள் புகுந்திருந்தால் இது வரும். ஜாவாக்ஸ் சர்வ்லெட் வகுப்பு உள்ளேயே கிடைப்பதால் ஏற்றுதல் தடையின்றி முடிகிறது. ஆனால் அது ஜகார்த்தா சர்வ்லெட் வகை அல்ல. டாம்கேட் சொல்வது எழுத்துக்கு எழுத்து உண்மை. படிப்பவருக்குத்தான் தலை சுற்றும்.

ஸ்கோப் என்ற ஒரு சொல்

இவ்வளவு நடந்தும் மேவன் ஏன் வாய் திறக்கவில்லை? மேவனுக்குச் சர்வர் தெரியாது. சர்வ்லெட் ஏபிஐ-யின் ஸ்கோப்பை ப்ரொவைடட் என்று எழுதும்போது, "இந்த வகுப்புகளைக் கம்பைல் செய்யக் கொடு, வாரில் வைக்காதே, ஓடுமிடத்தில் வேறொருவர் தருவார்" என்று மேவனிடம் வாக்குக் கொடுக்கிறோம். அந்த வேறொருவர் உண்மையில் எதைத் தருகிறார் என்பதை மேவன் சரிபார்ப்பதில்லை. பாமில் எழுதிய எண்ணும் சர்வரில் நிறுவிய எண்ணும் பொருந்துவது எழுதுபவரின் பொறுப்பு. டாம்கேட் 9-க்கு சர்வ்லெட் 4.0, டாம்கேட் 10.0-க்கு 5.0, 10.1-க்கு 6.0, 11-க்கு 6.1.

இங்கே ஒரு பொறி, நன்றாகத் தெரிந்தவர்களையும் விழவைப்பது. க்ரூப் ஐடியை (நூலகத்தை வெளியிடும் குழுவின் பெயர்) ஜகார்த்தா.சர்வ்லெட் என்றும் பதிப்பை 4.0.4 என்றும் எழுதினால் பில்ட் எந்த மாற்றமும் இன்றி ஓடும். மாற்றம் முடிந்துவிட்டது என்று தோன்றும். முடியவில்லை. ஜகார்த்தா இஇ 8 காலத்தில் ஜாரின் முகவரிதான் மாறியது. உள்ளே இருக்கும் வகுப்புகள் ஜாவாக்ஸ் பெயரிலேயே இருந்தன. 5.0.0-இல்தான் உள்ளேயும் பெயர் மாறியது. ஜாவா பொருட்களை எக்ஸ்எம்எல்லாக மாற்ற உதவும் ஜகார்த்தா எக்ஸ்எம்எல் பைண்ட் ஏபிஐ-யும் அப்படியே: 2.3 வரிசை பழைய பெயர், 3.0 முதல் புதிய பெயர். ஆக, சரியாக மாற்றியிருந்தால் கம்பைல் நூற்றுக்கணக்கான பிழைகளோடு உடைய வேண்டும். உடையாவிட்டால் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்தது மறைமுகச் சார்புகள், அதாவது நாம் சேர்த்த நூலகங்கள் தமக்காக இழுத்துவருபவை. சார்புகளைப் பட்டியலிடும் டிபென்டென்சி:ட்ரீ கட்டளையை ஓட்டிப் பார்த்தால், எப்போதோ சேர்த்த நூலகம் ஒன்று ஜாவாக்ஸ்.சர்வ்லெட் க்ரூப்பில் உள்ள சர்வ்லெட்-ஏபிஐ 2.5-ஐக் கம்பைல் ஸ்கோப்பில், அதாவது வாருக்குள்ளும் போகும்படி, இழுத்துவருவது தெரியும். ப்ரொவைடட் என்று நாம் எழுதியது ஏன் இதைத் தடுக்கவில்லை? மேவன் ஒப்பிடுவது க்ரூப் ஐடியையும், நூலகத்தின் பெயரான ஆர்டிஃபாக்ட் ஐடியையும். 3.0-க்கு முன் ஆர்டிஃபாக்ட் பெயர் சர்வ்லெட்-ஏபிஐ, பிறகு ஜாவாக்ஸ்.சர்வ்லெட்-ஏபிஐ. மேவன் பார்வையில் இவை தொடர்பற்ற இரண்டு ஜார்கள். ஒன்றுக்குச் சொன்ன ஸ்கோப் மற்றதைக் கட்டுப்படுத்தாது.

எக்ஸ்க்ளூஷன் எழுதி விலக்கலாம். ஆனால் நாளை யாரோ சேர்க்கும் நூலகம் மீண்டும் கொண்டுவரும். விதி மீறினால் பில்டை நிறுத்தும் என்ஃபோர்சர் ப்ளகினில் பேன்ட்டிபென்டென்சீஸ் விதியை வைப்பதே நிலையான பூட்டு. ஜாவாக்ஸ்.சர்வ்லெட் க்ரூப், அதன் ஜேஎஸ்பி க்ரூப் இரண்டையும் முழுக்கத் தடை செய்யலாம். மறைமுகச் சார்புகளையும் இந்த விதி இயல்பாகவே தேடும். விதியின் வடிவம் க்ரூப், ஆர்டிஃபாக்ட், பதிப்பு, வகை, ஸ்கோப் என முக்காற்புள்ளியால் பிரிந்தது. எனவே புதிய ஜகார்த்தா சர்வ்லெட் ஏபிஐ-யையே கம்பைல் ஸ்கோப்பில் மட்டும் தடை செய்யலாம்: முதலில் க்ரூப் பெயர், நடுவில் மூன்று நட்சத்திரக் குறி, கடைசியில் கம்பைல். ப்ரொவைடட் எழுத மறந்தவர் அன்றே பிடிபடுவார்.

வார் ப்ளகினின் பேக்கேஜிங்எக்ஸ்க்ளூட்ஸ் அமைப்பில் ஜார் பெயரை எழுதி விலக்குவோரும் உண்டு. இதைப் பரிந்துரைக்க முடியாது. அது வார் கோப்பாகச் சுருட்டும்போது மட்டும் வேலை செய்யும். விரித்த அடைவில் ஜார் அப்படியே இருக்கும். விரித்த அடைவிலிருந்து ஓட்டிப் பார்ப்பவரிடம் ஒரு நடத்தை, சர்வரில் வேறு நடத்தை.

எதை மாற்றுவது, எதைத் தொடக்கூடாது

மூலநிரல் முழுவதும் ஜாவாக்ஸ் என்பதை ஜகார்த்தா என்று ஒரே கட்டளையில் மாற்றத் தோன்றும். ஜாவாக்ஸ் பெயரில் பாதி, ஜாவாவின் சொந்தச் சொத்து. ஜாவாக்ஸ்.எஸ்க்யூஎல், நேமிங், கிரிப்டோ, நெட், ஸ்விங், எக்ஸ்எம்எல்.பார்சர்ஸ், எக்ஸ்எம்எல்.டிரான்ஸ்ஃபார்ம் ஆகியவை மாறாது. சர்வ்லெட், பெர்சிஸ்டென்ஸ், வேலிடேஷன், மெயில், இன்ஜெக்ட், எக்ஸ்எம்எல்.பைண்ட் மாறும். டிரான்சாக்‌ஷன் மாறும், ஆனால் அதன் கீழுள்ள எக்ஸ்ஏ மாறாது. அது ஜேடிகேயிலேயே இருக்கிறது. ஓப்பன்ரீரைட் போன்ற கருவிகள் இந்த வேறுபாடுகளை அறிந்தே மாற்றுகின்றன. சிறிய செயலிக்குக் கையால் செய்தாலும் ஒரு நாள் வேலைதான்.

எக்ஸ்எம்எல் பைண்ட் பற்றி ஒரு சொல்: ஜாவா 11-இலேயே அது ஜேடிகேயிலிருந்து நீக்கப்பட்டது. 8-இலிருந்து 17-க்குத் தாவுபவர்கள் ஏபிஐ, அதன் செயலாக்கம் இரண்டையும் சாதாரண ஸ்கோப்பில் சேர்க்க வேண்டும். டாம்கேட் அதைத் தராது.

காமன்ஸ் ஃபைல்அப்லோட் 1.x ஜாவாக்ஸோடு கட்டப்பட்டது. அதைத் தூக்கிவிட்டு, சர்வ்லெட்டின் சொந்த மல்டிபார்ட் (கோப்பு ஏற்றும்) வசதிக்கு மாறுவது நல்லது. தரவுத்தள நூலகமான ஹைபர்னேட் இருந்தால் 6 வரிசை.

வெப்.எக்ஸ்எம்எல்லின் தலைவரியில் பதிப்பு 6.0, பெயர்வெளி ஜகார்த்தாஇஇ. அதே வரியில் மெட்டாடேட்டா-கம்ப்ளீட் என்ற பண்பு ட்ரூ என்று இருந்தால் ஆனொடேஷன் எதையும் டாம்கேட் பார்க்காது. பெயரெல்லாம் மாற்றிய பிறகும் 404 தொடர்ந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

ஜேஎஸ்பி: பில்டுக்குத் தெரியாத நிரல்

ஜேஎஸ்பி பக்கங்கள் வாருக்குள் வெறும் உரைக் கோப்புகளாகவே போகின்றன. முதல் வருகையின்போது டாம்கேட் அவற்றைக் கம்பைல் செய்கிறது. அதனால் பழைய இம்போர்ட் வரிகள், பழைய டேக் நூலகம் எதுவும் பில்டில் சிக்காது. ஜேஎஸ்டிஎல் 1.2 ஜாரை எடுத்துவிட்டு, ஜகார்த்தா ஜேஎஸ்டிஎல் 3.0-இன் ஏபிஐ-யையும் கிளாஸ்ஃபிஷ் தரும் செயலாக்கத்தையும் போட வேண்டும். டாம்கேட் ஜேஎஸ்டிஎல்லைத் தன்னோடு தருவதில்லை. ஆகவே இவை ப்ரொவைடட் அல்ல, வெப்-இன்ஃப்/லிப் அடைவுக்குள் போயாக வேண்டியவை. பக்கங்களின் தலையில் உள்ள பழைய ஜாவா.சன்.காம் முகவரி 3.0-இலும் செல்லும். ஒவ்வொரு பக்கமாகத் திருத்த வேண்டியதில்லை.

இதே அடைவில் வேறொரு விபத்தும் காத்திருக்கிறது. பதிப்பு எண்ணை அடிக்குறிப்பில் காட்டுவதற்காக வெப்ஆப் அடைவு முழுவதற்கும் ஃபில்டரிங் (குறிகளை மதிப்புகளால் நிரப்பும் மேவன் வசதி) போட்டுவிடுவார்கள். மதிப்பு வர வேண்டிய இடத்தைக் காட்டும் மேவனின் குறி டாலரும் நெளிவடைப்பும். ஜேஎஸ்பியின் எக்ஸ்பிரஷன் மொழிக்கும் அதே குறி. பக்கத்தில் யூசர் என்ற பீனின் (தரவுப் பொருள்) நேம் பண்பைக் காட்ட யூசர்.நேம் என்று எழுதியிருந்தால், அதே பெயரில் ஜாவா சிஸ்டம் ப்ராப்பர்ட்டி ஒன்று இருப்பதால், மேவன் அதை மாற்றிவிடும். விளைவு, உள்ளே நுழையும் ஒவ்வொருவரையும் பில்ட் கணினியின் பயனர் பெயரால் "வணக்கம் ஜென்கின்ஸ்" என்று செயலி வரவேற்கும். படக்கோப்பு நீட்சிகள் ஃபில்டரிங்கிலிருந்து இயல்பாகவே விலக்கு பெற்றவை. வெப் எழுத்துருக்களும் பி12 சாவிக்கோப்புகளும் அப்படியல்ல, சிதைந்துபோகும். ஃபில்டரிங் தேவையென்றால் அதற்கென ஒரு ப்ராப்பர்ட்டீஸ் கோப்பை மட்டும் தனி அடைவில் வைத்து அந்த அடைவுக்கு மட்டும் போடுங்கள்.

சுருட்டியதை விரித்துப் பார்த்தல்

முந்தைய பில்டை அழிக்கும் கிளீன் கட்டளை இல்லாமல் பேக்கேஜ் ஓட்டுவது, பதிப்புகளை மாற்றும் இந்தக் காலகட்டத்தில் ஆபத்து. டார்கெட் அடைவுக்குள் முந்தைய பில்ட் விரித்துவைத்த லிப் அடைவில் பழைய ஜார் தங்கியிருந்தால், பழைய ப்ளகின்கள் அதையும் சேர்த்துச் சுருட்டிவிடும். ஒரே நூலகத்தின் இரண்டு பதிப்புகள் ஒரே வாரில் போனால், எதிலிருந்து வகுப்பு வரும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. 3.3 வரிசை ப்ளகின் லிப் அடைவில் காலாவதியானவற்றைத் துடைக்கிறது. இருந்தாலும் வெளியீட்டு பில்ட் எப்போதும் கிளீனோடுதான்.

பிறகு ஜார் கட்டளையின் டிஎஃப் தெரிவால் வாரின் உள்ளடக்கத்தைப் பட்டியலிட வேண்டும். வெப்-இன்ஃப்/லிப் அடைவில் சர்வ்லெட்-ஏபிஐ, ஜேஎஸ்பி-ஏபிஐ என்று எதுவும் இருக்கக்கூடாது. டாம்கேட்டுக்கான அமைப்புக் கோப்பான கான்டெக்ஸ்ட்.எக்ஸ்எம்எல் வாரின் வேரில் உள்ள மெட்டா-இன்ஃப் அடைவில் இருக்க வேண்டும். அதை ரிசோர்சஸ் அடைவின் மெட்டா-இன்ஃபில் வைத்தவர்களுக்கு அது வெப்-இன்ஃப்/கிளாசஸ்/மெட்டா-இன்ஃப் என்ற ஆழத்தில் கிடக்கும். டாம்கேட் அங்கே எட்டிப்பார்க்காது. சரியான இடம் வெப்ஆப் அடைவின் மெட்டா-இன்ஃப்.

தரவுத்தள டிரைவரின் இடத்தையும் இங்கே முடிவுசெய்ய வேண்டும். தரவுத்தள இணைப்புகளைத் தயாராக வைத்திருக்கும் பூலை டாம்கேட் உருவாக்கினால், டிரைவர் ஜார் டாம்கேட்டின் லிப் அடைவில், பாமில் ப்ரொவைடட். பூலைச் செயலியே உருவாக்கினால் ரன்டைம் ஸ்கோப், வாருக்குள். இரண்டு இடத்திலும் வைப்பது மட்டும் கூடாது. தரவுத்தள முகவரியும் கடவுச்சொல்லும் எந்த நிலையிலும் வாருக்குள் வேண்டாம். சோதனைக்கு ஒரு மேவன் ப்ரொஃபைல் (அமைப்புத் தொகுதி), நேரடிப் பயன்பாட்டுக்கு ஒரு ப்ரொஃபைல் என்று இரண்டு வார் கட்டுவது பரவலான வழக்கம், தவறான வழக்கம்: சோதித்தது ஒரு கோப்பு, ஏற்றியது வேறொரு கோப்பு. கான்ஃப்/கேட்டலினா/லோக்கல்ஹோஸ்ட் அடைவில் செயலியின் பெயரில், இந்த விவரங்களுடன் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு வைத்தால் ஒரே வார் எங்கும் ஓடும்.

பெயரும் ஏற்றும் முறையும்

வார் கோப்பின் பெயரே முகவரி. பாமில் ஃபைனல்நேம் (கோப்பின் பெயர்) எழுதாவிட்டால் பதிப்பு எண்ணும் பெயரில் ஒட்டிக்கொண்டு, முகவரியிலும் வந்து நிற்கும். ரூட் என்று பெரிய எழுத்தில் பெயரிட்டால் தளத்தின் வேர். பெயரில் ஒற்றை ஹேஷ் குறி சாய்கோடாக மாறும். இரட்டை ஹேஷுக்குப் பின் வருவது பதிப்பு. பழைய பயனர்களின் செஷன் பழைய பதிப்பிலேயே தொடர, புதியவர்கள் புதிய பதிப்புக்குப் போவார்கள். ஒரு கவனம்: டாம்கேட் இந்தப் பதிப்புகளை எண்ணாக அல்ல, எழுத்துச் சரமாக ஒப்பிடுகிறது. 9-ஐவிட 10 பழையதாகிவிடும். 009, 010 என்று பூஜ்யம் சேர்த்து எழுதுவது அதனால்தான்.

ஓடிக்கொண்டிருக்கும் டாம்கேட்டின் வெப்ஆப்ஸ் அடைவுக்கு நேராக வாரை எஸ்சிபி (வலைவழி நகல்) செய்யாதீர்கள். இயல்பமைப்பில் 10 வினாடிக்கு ஒருமுறை டாம்கேட் அந்த அடைவைப் பார்க்கிறது. கோப்பு பாதி வந்திருக்கும்போது பார்த்தால், ஜிப் கோப்பின் முடிவைக் காணோம் என்ற பிழையோடு டெப்ளாய் விழும். அதே ஃபைல் சிஸ்டத்தில் வேறொரு அடைவுக்கு முழுதாக நகலெடுத்து, பிறகு எம்வி கட்டளையால் நகர்த்தினால் இந்தப் பிரச்சினை இல்லை. மேனேஜர் பக்கம் வழியாக ஏற்றுபவர்களுக்கு வேறு வரம்பு: அதன் வெப்.எக்ஸ்எம்எல்லில் கோப்பின் அதிகபட்ச அளவு 52428800 பைட், அதாவது 50 எம்பி.

மூலநிரல் கையில் இல்லாத வார் என்றால் அப்பாச்சியின் மாற்றுக் கருவி உண்டு. வெப்ஆப்ஸ்-ஜாவாஇஇ என்ற அடைவை உருவாக்கி அதில் போட்டால், டாம்கேட் 10 தானே மாற்றி வெப்ஆப்ஸுக்கு எடுத்துக்கொள்ளும். ஜார்களின் டிஜிட்டல் கையொப்பம் இந்த மாற்றத்தில் நீக்கப்படும். சொந்த நிரலுக்கு இதை நம்பியிருப்பது கடனைத் தள்ளிப்போடுவதுதான். படிக்கும் நிரல் ஒன்று, ஓடும் நிரல் வேறு.

சர்வருக்கு முன்பே 404-ஐப் பிடித்தல்

2013-க்குப் பிறகு புதுப்பிக்கப்படாத டாம்கேட்7 மேவன் ப்ளகினை இன்னும் பலர் தங்கள் கணினியில் ஓட்டிப் பார்க்கப் பயன்படுத்துகிறார்கள். அது உள்ளே வைத்திருப்பது டாம்கேட் 7. அங்கே ஜாவாக்ஸ் சர்வ்லெட்கள் அழகாக ஓடும், சர்வரில் ஓடாது. அதை எடுத்துவிட்டு கார்கோ ப்ளகினைப் போட்டு, கன்டெய்னர் ஐடியை டாம்கேட்10எக்ஸ் என்று வைத்து, சர்வரில் உள்ள அதே டாம்கேட் பதிப்பை இறக்கச் சொல்லலாம். தொடக்கம் ப்ரி-இன்டக்ரேஷன்-டெஸ்ட் கட்டத்தில், நிறுத்தம் போஸ்ட்-இன்டக்ரேஷன்-டெஸ்ட் கட்டத்தில், இடையே ஃபெயில்சேஃப் ப்ளகின் சோதனைகள். ஓட்ட வேண்டிய கட்டளை வெரிஃபை. இன்டக்ரேஷன்-டெஸ்ட் என்று மட்டும் கொடுத்தால் நிறுத்தும் கட்டம் வராமல், டாம்கேட் 8080 போர்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும்.

சோதனைகள் நிறைய வேண்டியதில்லை. நான்கு முகவரிகள் போதும். ஆனொடேஷன் சர்வ்லெட் ஒன்று, வெப்.எக்ஸ்எம்எல் சர்வ்லெட் ஒன்று, ஜேஎஸ்டிஎல் உள்ள ஜேஎஸ்பி ஒன்று, கோப்பு ஏற்றும் பக்கம் ஒன்று. முதலாவது உடைந்தால் 404 தரும், இரண்டாவதும் மூன்றாவதும் 500 தரும், நான்காவது 500 தரலாம், அல்லது ஏற்றிய கோப்பு காலியாக வருவதில் மட்டும் தெரியலாம்: மல்டிபார்ட் அமைப்பை சர்வ்லெட்டில் எழுத மறந்தால், கோப்பைக் கேட்கும் இடத்தில் பிழை எழலாம், அல்லது படிவம் வந்து சேர்ந்தும் உள்ளே எதுவும் இல்லாமல் போகலாம். எனவே அந்தச் சோதனை 200 கிடைத்ததோடு நிற்காமல், ஏற்றிய கோப்பின் பைட் எண்ணிக்கையையும் ஒப்பிட வேண்டும்.